அவளுக்கு வசவு, அவனுக்குச் செயின்
(நியூஜெர்சி கூட்டத்தில் பேசியது)



சனிக்கிழமை எடிசன்ல நம்ம பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க. ஒருத்தன் கேட்சை விட்டா உடனே 'தே'ன்னு ஆரம்பிக்கிற அந்த வசவு வரும். கேட்சை விட்டவன் அவன். அசிங்கப்படுறது ஊர்ல இருக்கிற அவன் அம்மா.

அதன் மூலச்சொல் 'தேவரடியார்'. சோழர் கல்வெட்டுகளில் அது மரியாதையான பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். பொற்காலம்னு சொல்ல வரலை. ராஜராஜன் ரசிகர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேணாம். பிற்காலத்தில் பொட்டுக்கட்டிய பெண்களை அனுபவித்தவர்கள் மிராசுதார்கள், ஜமீன்தார்கள், மைனர்கள். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள். 1947இல் மதராஸ் மாகாணத்தில் பொட்டுக்கட்டுவது தடைசெய்யப்பட்டது. ஆனா அவள் பெயர் வசவாவே நின்னுபோச்சு. 'மைனர்'? அது கழுத்துல போடுற செயினுக்குப் பேராச்சு!

நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. 2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றப் படிக்கட்டில் டெட் யோஹோ, சக உறுப்பினர் ஒகாசியோ-கோர்டெஸைப் பற்றி 'பிட்ச்' என்று சொன்னதை நிருபர் கேட்டு எழுதினார். யோஹோ மறுத்தார், தனக்கு மனைவியும் மகள்களும் இருப்பதைச் சாக்காகச் சொன்னார். மகள் இருப்பதால் மட்டும் ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான் என்று அவர் அவையிலேயே பதில் கொடுத்தார். 'எனக்கும் பொண்ணு இருக்கா மேடம்'னு நம்ம கிரவுண்டுல என்கிட்டயும் சொன்னாங்க.

அடுத்த சனிக்கிழமை கேட்ச் விட்டவனை 'டேய், மைனர் மகனே'ன்னு திட்டிப் பாருங்க. அவன் காலரைத் தூக்கி விட்டுக்குவான்.