கண்ணால் அளந்த ரத்தம்

இன்று முனைவர் பட்டம் பெறும் உங்களிடம் பேச எனக்குப் பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். அதில் பாதி ஒரு பழைய கதைக்குப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும்போது பிரசவ வார்டில் இரவு டியூட்டி. ஒரு பிரசவம் முடிந்ததும், "எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?" என்று சிஸ்டர் கேட்டார். துணியைப் பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டில் 300 மி.லி. என்று எழுதினேன். எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவோம். சிஸ்டர் திட்டவில்லை. நனைந்த துணிகளை வாரிக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். "காய்ந்த துணியின் எடையைக் கழி. ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று வை" என்றார். 700-ஐத் தாண்டியிருந்தது. 500-லேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் நாங்கள் ஓடிய ஓட்டம்! அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். காலையில் அவர் கணவர் எனக்குக் காபி வாங்கி வந்தார். தொண்டையில் இறங்கவில்லை.

கண் குறைத்துத்தான் மதிப்பிடும். பெல்காம் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2006-ல் வெளியானது. கிராமத்து ஏ.என்.எம். செவிலியர்கள் 1,620 பிரசவங்களில் கண்ணை நம்பாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளிலும் அப்படியொரு விரிப்புதான். அதில் ரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்ததும் உடனே சிகிச்சை. கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று, 2030-க்குள் லட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பை 70-க்குக் கீழே கொண்டுவருவது. 2018–20 கணக்கில் இந்தியா 97, தமிழ்நாடு 54. தமிழ்நாட்டில் நாம் இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று கைதட்டலாம்தான். ஆனால், இறந்த தாய்மாரில் எத்தனை பேரின் கேஸ் ஷீட்டில் '300' என்று எழுதியிருந்தது என்பதை அந்த 54 சொல்லாது. அதை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

நம் நர்சிங் ஆய்வேடுகள் அப்படித் தோண்டுகின்றனவா? 'ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்' நடத்தி, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியது என்று முடிக்கிறோம். பாடம் நடத்திவிட்டுக் கேள்வி கேட்டால் கூடாமல் என்ன செய்யும்? அப்படிப்பட்ட ஏடுகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுகளைத் தமிழில் இரண்டே பக்கத்தில் எழுதி, தரவு எடுத்த வார்டின் சிஸ்டரிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவர் சிரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் சிரித்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.