சிலமலைக்கு வந்த கறுப்பு பாட்டில்

('ரசனையை வளர்ப்பது படிப்பா? பிழைப்பா?' என்ற பட்டிமன்றத்தில், 'பிழைப்பே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். படித்தவனுக்கு ருசி தெரியும், படிக்காதவனுக்குப் பசிதான் தெரியும் என்றார்கள். நானும் கைதட்டினேன். எதுகை நன்றாக இருந்தது. (சிரிப்பு) விஷயம்தான் சரியில்லை.

நான் போடிநாயக்கனூர் பக்கம் சிலமலைக்காரன். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற ஜனங்கள் நாங்கள். ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்க்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேயே நாலு பேர் இருப்பீர்கள். இல்லைங்க. செடியின் தூரிலே, தரையை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கும். குனிந்த முதுகு நிமிராமல் எடுக்கணும். என் அம்மா முப்பது வருஷம் குனிந்தவர். அப்புறம் முதுகு ஒத்துழைக்காமல், ஸ்டோரிலே காய் பொறுக்குகிற வேலைக்கு வந்தார்.

ஸ்டோர் என்றால் மளிகைக் கடை இல்லை. பச்சைக்காயை விறகுச் சூட்டில் காயவைக்கிற இடம். சூடு கூடினால் பச்சை நிறம் போச்சு. குழாயில் ஒரு ஓட்டை விழுந்து புகை உள்ளே புகுந்தால் வாசனையே போச்சு. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். அதனால் ஒரு மூட்டை கெட்டால் ஐந்து மூட்டை உழைப்பு கெட்டது. என் அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "நேத்து ராத்திரி அடுப்பு பார்த்தவன் தூங்கிட்டான்" என்று சொல்லுவார். விசாரித்தால் தூங்கித்தான் இருப்பான். (கைதட்டல்)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன், மருமகன், லண்டனில் வேலை பார்க்கிறான். போன வருஷம் லீவில் வந்தவன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். கறுப்பு பீர். "மாமா, இது குடிக்கிறதுக்கு இல்ல, ருசி பார்க்கிறதுக்கு" என்றான்.

நடுவர்: நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. (பலத்த சிரிப்பு)

ஆமாங்க ஐயா. பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். லயன் ஸ்டவுட். எந்த ஊர் என்று பார்த்தால் இலங்கை! சிலமலையிலிருந்து இலங்கை எவ்வளவு தூரம் சொல்லுங்கள்? அது லண்டன் போய், வெளிநாட்டுச் சரக்கு என்று பேர் வாங்கிக்கொண்டு, விமானம் ஏறி எங்கள் ஊருக்கு வருகிறது. (சிரிப்பு)

இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1840-களின் கடைசியில் நுவரெலியா மலையிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், அங்கே குளிரும் ஊற்றுத் தண்ணீரும் இருக்கிறதே என்று பீர் காய்ச்ச ஆரம்பித்தார். பிற்பாடு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போனாரே, அதே பேக்கர். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இந்தக் கறுப்பு பீர். சாதாரண பீரில் நூற்றுக்கு 5 பங்கு சாராயம் என்றால், இதிலே 8-க்கும் மேல். இதைப் புகழ்ந்து எழுதி வெளியுலகத்துக்குக் காட்டியவர் மைக்கேல் ஜாக்சன். ஆடுகிறவர் இல்லைங்க! (சிரிப்பு) இவர் பீரைப் பற்றியே புத்தகம் புத்தகமாக எழுதிய ஆங்கிலேயர், 2007-ல் காலமானார்.

பார்த்தீர்களா, எழுதினவர் படித்தவர்தானே என்று எதிரணி குதிக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஜாதி பீருக்கு முதலில் என்ன பேர்? போர்ட்டர். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்குகிற போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பேர். கறுப்பு எப்படி வந்தது? நாம் கேழ்வரகை முளைகட்டுகிற மாதிரி பார்லியை முளைகட்டிக் காயவைப்பார்கள். 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி உருளையிலே போட்டு அதைக் கருக வறுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கருக்கல்தான் நிறம், அந்தக் கருக்கல்தான் வாசனை.

சரி, மருமகன் சில்வர் டம்ளரில் ஊற்றினான். கெட்டியாக, வேப்பெண்ணெய் மாதிரி இறங்கியது. மேலே பழுப்பு நுரை. நான் ருசி பார்த்தேனா என்று கேட்காதீர்கள், என் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு) ஒரே ஒரு மடக்கு. முதலில் கசப்பு. பாகற்காய்க் கசப்பு இல்லை, அடிப்பிடித்த பால்கோவாவைச் சுரண்டித் தின்போமே, அந்தக் கசப்பு. அது போன பிறகு ஒரு இனிப்பு மெதுவாக வந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எம்.ஏ. படித்தவன்.

அம்மா தாழ்வாரத்தில் சொளகை வைத்துக்கொண்டு காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிருந்தபடியே ஒரு குரல்: "காப்பிக்கொட்டைய யாருடா இப்படிக் கருக வறுத்தது?"

மருமகன் அசந்து போனான். "அம்மாச்சி, இதுல காப்பி கிடையாது. ஆனா வாசனை அதேதான்" என்று டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா வாயில் வைக்கவில்லை. ஏலக்காயை முகர்கிற மாதிரியே, முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில். "கருப்பட்டிப் பாகு. இறக்கவேண்டிய நேரம் தாண்டிப் போச்சு. அதுக்கு அடியில காஞ்ச திராட்சை."

அவன் செல்போனில் எவரோ ரசிகர் எழுதியதை எடுத்து வாசித்தான். வறுத்த காப்பி, வெல்லப்பாகு, உலர்ந்த பழம். அதே வரிசை! (பலத்த கைதட்டல்) அம்மா படித்தது இரண்டாம் வகுப்பு.

இதோடு முடித்தால் என் அணி ஜெயித்துவிடும். ஆனால் அன்றைக்கு அதோடு முடியவில்லை.

1981-ல் மதுவிலக்கை எடுத்து ஊர் ஊராகச் சாராயக் கடை திறந்தபோது எனக்குப் பத்து வயது. வாரக்கூலி வாங்கிக்கொண்டு மலையிறங்குகிற அப்பா நேரே கடைக்குத்தான் போவார். சில வாரம் அம்மாவின் கூலியும் சேர்ந்து போகும். நாலே வருஷம். அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்.

அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மருமகனைப் பார்த்துக் கேட்டார்: "ஏய்யா, இதுக்குள்ள இத்தனை வாசனை இருக்குமா? ஒன் தாத்தா மேல ஒரே ஒரு வாசனைதானடா வந்துச்சு."

ஐயா, நான் பத்து வருஷமாக மேடையில் பேசுகிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை. மருமகனுக்கும் தெரியவில்லை. ருசி பார்க்க அவனுக்கு நேரம் இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, நாளைக்கு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு என்ன இருந்தது? வலிக்கிற முதுகு இருந்தது. எதிரணிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, கேட்க ஆசையாக இருக்கிறது.

மீதி பீரை மருமகன் கறிவேப்பிலைச் செடிக்கடியில் கொட்டிவிட்டான். நான் சொல்லவில்லை, அவனே கொட்டினான். பாட்டில் நல்ல கனமான பாட்டில் என்று அம்மா கழுவி வைத்துக்கொண்டார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது.