காலேஜ் பீசுக்கும் குழுக்கடன்



பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் போனா, சனிக்கிழமை சம்பளம் வந்துருது. பையனை மட்டும் கடன் வாங்கியாவது காலேஜுக்கு அனுப்புறோம். எல்லாப் பொண்ணும் போயே ஆகணும்னு சொல்லலைங்க. தையல் பிடிச்சவ தைக்கட்டும். படிக்க ஆசைப்படுறவளை நிறுத்தக் கூடாது.

திருப்பூரிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிச்சவளுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருது. ஆனா அது கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாது. பஸ், புத்தகச் செலவு வேற. மீதியை யார் தர்றது?

காதுகுத்து, சீருக்குன்னா குழுவுல யோசிக்காம கடன் தர்றோம். போன வருஷம் ஒரு அக்கா காலேஜ் பீசுக்குக் கேட்டப்ப, "கட்டிக்கொடுக்கிற பொண்ணுக்கு எதுக்கு?"ன்னு முதல்ல கேட்டது நான்தான். அந்தப் பொண்ணு இப்போ பிசிறு வெட்டுறா.

வர்ற மே மாசக் கூட்டத்துல, படிப்புக்குக் கேட்கிறவங்களுக்கே முதல் கடன்னு தீர்மான நோட்டுல எழுதுவோமுங்க.