நான்கு மணிப் பயணமும் இரண்டரை மணி வித்தியாசமும்



ரஜூலா கப்பலில் ஏறி, பல நாள் கடலில் கழித்துப் பினாங்கு வந்து இறங்கிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் சுமார் 2,600 கிலோமீட்டர். விமானம் உயரே போனபின் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், ஏறவும், இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் பயணச் சீட்டில் என்ன இருக்கிறது? புறப்பாடு இரவு 10.00, சென்னை சேர்வது 11.30. ஒன்றரை மணியில் போய்விடுமா? போகாது. சீட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. போகும்போது இரண்டரையைக் கூட்டுங்கள், நான்கு வரும். திரும்பும்போது, சென்னையில் இரவு 11.45க்கு ஏறினால் இங்கே காலை 6.15. ஆறரை மணி போலத் தோன்றும். இரண்டரையைக் கழியுங்கள், அதே நான்குதான்.

இந்த வித்தியாசம் முன்பு இரண்டு மணியாக இருந்தது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. பெரட்டுக்குப் போனவர்களுக்கு விடியல் பிந்தியது அதனால்தான்.

இன்னொன்றில் மிகவும் கவனம் வேண்டும். சீட்டில் '15ஆம் தேதி, 00.20' என்றிருந்தால், நள்ளிரவு கடந்து இருபது நிமிடம். அதாவது 14ஆம் தேதி இரவே நாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானமும் போயிருக்கும். சீட்டுப் பணமும் போயிருக்கும்.

ஊரில் தாயார் தவறிவிட்டார் என்று செய்தி வருகிறது. 'எப்போது வருவாய், எடுக்காமல் வைத்திருக்கட்டுமா?' என்று தம்பி கேட்கிறான். 'நாலு மணியில் வந்துவிடுவேன்' என்று சொல்லிவிடக் கூடாது. தோட்டத்திலிருந்து சிப்பாங் போக இரண்டு மணி; முன்கூட்டியே அங்கிருக்க மூன்று; பறக்க நான்கு; சோதனை முடிந்து வெளியே வர ஒன்றரை; சேலத்துப் பக்கம் என்றால் சாலையில் மேலும் ஆறு. மொத்தம் பதினாறரை மணி. இதுவும் கடப்பிதழும் விசாவும் கையில் இருந்து, உடனே விமானமும் கிடைத்தால்தான். இந்தக் கணக்கைச் சொன்னால்தான் அங்கே உள்ளவர்கள் முகம் பார்க்க வைத்திருப்பதா, காரியத்தை முடிப்பதா என்று தீர்மானிக்க முடியும்.

ஆகவே கடப்பிதழின் காலாவதித் தேதியை இன்றைக்கே எடுத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, கூட்டலும் கழித்தலும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.