சரவிளக்கும் அதனைத் தாங்கும் கயிறும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுப்பொருளைப் பேணுதல் பற்றிச் சில கூறுமாறு பணிக்கப்பெற்றுள்ளோம். அதற்குப் பாரிஸ் மாநகரத்து இசைநாடக அரங்கிலுள்ள சரவிளக்கு ஒன்றனையே சான்றாகக் கொள்வோம்.

சார்லஸ் கார்னியே என்னும் கட்டடக்கலை வல்லார் அமைத்த அவ்வரங்கம் 1875-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் திறக்கப்பெற்றது; ஏறக்குறைய 2,000 பேர் இருந்து காணத்தக்கது. அதன் நடுவே வெண்கலத்தாலும் பளிங்குக் கண்ணாடியாலும் இயன்ற அவ்விளக்குத் தொங்குகின்றது. அதன் நிறை 7 டன்னுக்குக் குறையாது என்பர். மேல்நிலையில் இருப்பார்க்கு அது மேடையை மறைக்கும் என்று குறை கூறினாரும் உளர். கார்னியேயோ, அரங்கிற்கு உயிரளிப்பது அதுவே எனக் கொண்டார்.

தொடக்கத்தில் அது வாயுவினால் எரிந்தது. பின்னரே மின்சாரம் வந்தது. வாயு எரியுமிடத்துக் கரி படிதல் இயல்பு. ஒளி தரும் விளக்கே தன் புகையால் மங்குமாயின், அதனைத் துடைத்தல் ஒருநாளில் முடியும் தொழிலன்று. பண்டு அதனை மேற்கூரைக்கு அப்பாலுள்ள மாடத்துள் ஏற்றித் துடைத்துச் செப்பஞ்செய்தனர். இக்காலத்துக் கீழே இறக்கிச் செய்கின்றனர்.

இனி, கருதத்தக்கது ஒன்றுண்டு. அத்துணைப் பெருநிறையை ஏற்றவும் இறக்கவும், அதற்கு ஈடாக எதிர் எடைகள் கயிற்றிற் கோத்து மேலே மறைவாக வைக்கப்பெற்றிருந்தன. 1896-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், ஆட்டம் நிகழ்கையில், அவற்றுள் ஒன்று அறுபட்டுக் கூரையைப் பிளந்து அவையினர்மேல் வீழ்ந்தது. பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். கஸ்தோன் லெரூ என்பார் 1910-இல் நூலாக வெளியிட்ட புதினத்தில் விளக்கே வீழ்வதாக எழுதினார். மக்கள் மனத்தில் நின்றதும் அக்கதையே. உண்மையில் வீழ்ந்தது, யாவரும் கண்டு வியந்த விளக்கன்று. எவர் கண்ணுக்கும் புலப்படாத எடை.

அன்பர்களே! கண்ணாடியைத் துடைப்பது அழகிற்கு. கயிற்றை ஆராய்வது உயிர்க்கு. முன்னதைச் செய்தார்க்குப் புகழ் உண்டு. பின்னதைச் செய்தாரை எவரும் அறியார். அவர் செய்யாதொழிந்த நாளில்தான் உலகம் அறியும்.

நம் சமூகத்தார் சத்திரமும் மாணவர் விடுதியும் எடுப்பதிற் பின்வாங்குவாரல்லர். முகப்பிற் பெயர் பொறித்த கல்லுக்குப் பொருள் தருவார் பலர். கூரை ஒழுக்கை அடைப்பதற்கும், மின்கம்பியை மாற்றுவதற்கும், கிணற்றைத் தூர் எடுப்பதற்கும் தருவார் எத்துணையர்? அவ்விடுதியிற் கண்ணுறங்குவோர் நம் பிள்ளைகளல்லரோ!

ஆதலின், யாம் வேண்டுவது ஒன்றே. ஆண்டுதோறும் தொகுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியைப் புதுப்பணிக்கு எடாது, பழுதுபார்த்தற்கென்றே தனிநிதியாக வைத்தல் வேண்டும். பழுது நேர்ந்தபின் அன்று. நேருமுன் ஆண்டுக்கு இருமுறையேனும் தக்காரைக்கொண்டு யாவற்றையும் பார்வையிடச் செய்தல் வேண்டும். முன்னோர் ஏற்றிய விளக்கைக் காத்தலும், புதிதாக ஒன்று ஏற்றுதற்கு ஒப்பான அறமே. இவ்வவையிலேயே அதற்கொரு தீர்மானம் நிறைவேறுமாக!