வீடு உண்டு, கையில் காசு இல்லை



மாத்தளையில் நின்று வரியைப் பற்றிப் பேசும் எவருக்கும் ஆங்கிலேயர் விதித்த வரிகளுக்கு எதிரான 1848 கிளர்ச்சி நினைவுக்கு வரத்தான் செய்யும். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வீதி போட ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, இல்லையேல் அதற்குப் பணம். அந்த ஜூலையில் கிளர்ச்சித் தலைவர் புரான் அப்புவின் ஆட்கள் இந்த ஊர்க் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். ஆகஸ்ட் 8 ஆம் திகதி ஆங்கிலேயர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் டொரிங்டன் பிரபுவும் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார். கொடுக்கிறவன் கையில் காசு இருக்கிறதா என்று பாராமல் விதித்த வரி அது.

வீட்டுக்கும் கடைக்கும் உள்ளூர் சபை இன்று அறவிடும் சோலைவரி அப்படிப்பட்ட கொடுமையல்ல. தெருவிளக்கு எரிவதும் குப்பை வண்டி வருவதும் அந்தப் பணத்தில்தான். சபைக்கு அது வேண்டும். ஆனால் கையில் காசு இருக்கிறதா என்ற கேள்வியை இந்த வரியும் கேட்பதில்லை.

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விலைமதிப்புத் திணைக்களம் ஒரு பெறுமதி போடுகிறது. அதில் இத்தனை வீதம் என்று சபை அறவிடுகிறது. திருகோணமலை வீதியில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் கடையாக மாறினால், நடுவில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டின் பெறுமதியும் ஏறுகிறது. அந்த வாடகையை வீட்டுக்காரர் கண்ணால் காண்பதில்லை. அவரேதானே அங்கே குடியிருக்கிறார்!

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. கணவர் வாசனைத் திரவியக் கடையில் கணக்கு எழுதியவர். தனியார் கடையில் பென்சன் ஏது? சேமலாப நிதிப் பணம் மகளின் கல்யாணத்தோடு தீர்ந்தது. பார்மசியில் பிரஷர் மாத்திரையை அரைக் கார்டாக வெட்டித் தரச் சொல்லி வாங்குகிறார். ஆனால் வரிப் பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில், ஆண்டுவாரியாக ரப்பர் பட்டி போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு காலாண்டும் தவறவில்லை. ஒரு தடவையாவது தள்ளுபடி பெற்றதும் இல்லை, ஏனென்றால் காலாண்டின் கடைசியில்தான் அவரிடம் காசு சேர்கிறது.

தள்ளுபடி யாருக்கு? ஜனவரி 31 க்குள் முழு ஆண்டுக்கும் கட்டுபவருக்கு 10 வீதம். காலாண்டின் முதல் மாதத்தில் கட்டுபவருக்கு 5 வீதம். பெரிய வியாபாரி ஒரே காசோலையில் கட்டிப் பத்து வீதத்தை மிச்சம் பிடிக்கிறார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. காசு உள்ளவருக்குச் சலுகை, இல்லாதவருக்கு முழுத்தொகை, பிந்திவிட்டால் வாரண்டுச் செலவு. ஏற்பாடே தலைகீழாக இருக்கிறது, ஐயா!

வேறு ஊர்களில் வழி கண்டிருக்கிறார்கள். தில்லி மாநகராட்சி மூத்த குடிமக்களுக்கு, 200 சதுர மீட்டருக்கு உட்பட்ட ஒரு வீட்டுக்கு, 30 வீதம் குறைக்கிறது. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாழும் டொரன்டோவில், வருமானம் குறைந்த 65 வயதுக்காரர் வரி உயர்வை நீக்கித் தரும்படி விண்ணப்பிக்கலாம். நான் பெரிதும் மதிப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வழியை: 55 வயதானவர் வரியை வீட்டின் பேரில் வட்டியோடு கடனாக நிறுத்தி வைக்கலாம், வீடு விற்கப்படும்போது அரசு எடுத்துக்கொள்ளும். சபைக்கு நட்டமில்லை, முதியவருக்கும் மானக்கேடில்லை.

இங்கேயும் இப்படி ஒரு வழி காணலாம். 70 வயதைக் கடந்து, குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு ஆதனம் இல்லாத, வருமானம் குறைந்தவர் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துபவர் மாதாமாதம் கட்டினாலும் அந்தப் பத்து வீதத் தள்ளுபடி கிடைக்கட்டும். அதுவும் முடியாதவருக்கு, வரி வீட்டின் பேரில் நிற்கட்டும், வாரண்டு வேண்டாம். சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் கொழும்புக்குத் தீர்மானம் அனுப்புங்கள். வறிய முதியோருக்கான கொடுப்பனவை 2025 இல் அரசு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கியது. அதில் ஒரு பங்கு சபையின் கருமபீடத்துக்கே போய்ச் சேருவது நியாயமா?

எல்கடுவையிலும் றத்தோட்டையிலும் தோட்ட லயன் அறைகளில் முதுமை அடைந்தவர்களை நான் மறக்கவில்லை. உறுதி எழுதிய வீடே இல்லாதவருக்கு வரிச்சீட்டு எங்கிருந்து வரும்? தோட்டங்களில் 7 பேர்ச் காணி பெற்றவர்கள் நாளை வீட்டுக்காரர்களாக முதுமை அடைவார்கள். இன்று எழுதும் விதி அவர்களையும் காக்க வேண்டும்.

பெரியவர்களே, புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அதில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளைகளே, எழுதிக் கொடுங்கள். சபை உறுப்பினர்களே, அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து இதைப் பிரேரியுங்கள், இன்னொருவர் வழிமொழியுங்கள். கட்சி பாராமல் கேட்கிறேன்.