இரத்தக் கொழுப்பும் ஒரு புரதமும்



மலாயாவில் வாணிபத்திற்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-ஆம் ஆண்டில், நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்திலேதான். ஆகவே எண்ணெய் ஆலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குலை ஏற்றிய லோரி வருகிறது. ஆலை வாசல் திறக்கிறது. சுமையை இறக்கிவிட்டு லோரி திரும்புகிறது. வாசல் திறக்காவிட்டால் லோரிகள் சாலை நெடுகத் தேங்கி நிற்கும், பழம் கெடும், உள்ளே ஆலையோ வேலையின்றிக் கிடக்கும்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு வாசல் உண்டு. கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆதலால் அது எல்.டி.எல். என்ற நுண்ணிய பொட்டலங்களில் ஏறித்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. உயிரணுக்களின், முக்கியமாக ஈரல் உயிரணுக்களின், மேற்புறத்தில் ஒரு புரதம் நின்று அந்தப் பொட்டலத்தைப் பிடித்து உள்ளே கொண்டுபோகிறது. உள்ளே ஒரு சிறு பையில் அமிலம் ஏறியதும் சுமையை விட்டுவிட்டுச் சுமார் பத்து நிமிடத்தில் மறுபடி வாசலுக்கு வந்துவிடுகிறது. சுமை மட்டும் லைசோசோம் என்னும் செரிமானப் பைக்குப் போய்ப் பிரிக்கப்படுகிறது. அதில் கிடைக்கும் கொலஸ்ட்ரால்தான், "போதும், இனி நீ தயாரிக்க வேண்டாம்" என்று உயிரணுவுக்குத் தெரிவிக்கிறது.

அந்தப் புரதம் பழுதானால்? சிலரிடம் அது உருவாவதே இல்லை. சிலரிடம் உருவான இடமாகிய உள்வலையிலேயே சிக்கிக்கொள்கிறது, வாசலுக்கு வருவதில்லை. லைசோசோமுக்குச் சுமை வராது. உயிரணு பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி, தானே மேலும் மேலும் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது. வெளியே இரத்தத்திலோ வெள்ளம்! அது இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அடைக்கிறது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் நோயாளிகளின் தோல் உயிரணுக்களை வளர்த்து 1973-ஆம் ஆண்டு முதல் இதைக் கண்டறிந்தார்கள். 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

"ஒல்லியான ஆள், நாளெல்லாம் குலை வெட்டியவர், அவருக்கா மாரடைப்பு?" என்று இழவு வீட்டில் பேசிக்கொள்கிறோம் அல்லவா? இது தின்று வரும் கொழுப்பு அன்று, பிறவியிலேயே வருவது. ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. மருந்தில்லாமல் விட்டால் இந்த ஆண்களில் பாதிப்பேருக்கு ஐம்பது வயதுக்குள் இருதய நோய் வந்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்து, பிள்ளை இரு பக்கத்துப் பழுதையும் பெற்றுவிட்டால் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

சிலருக்குக் குதிகால் நரம்பு தடித்திருக்கும். விரல் முட்டிகளின் மேல் கட்டி தெரியும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. மருந்து இருக்கிறது. ஜப்பானியர் அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சைக் காளானில் கண்டுபிடித்த பொருளிலிருந்து தொடங்கிய ஸ்டாட்டின் மாத்திரைகள், ஈரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கின்றன. உடனே ஈரல், மிஞ்சியிருக்கும் நல்ல புரதத்தைக் கூடுதலாகச் செய்து வாசலில் நிறுத்துகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். போகும்போது, "அப்பா நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியில் போனார், சித்தப்பாவும் அப்படித்தான்" என்று டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.